வர வேண்டியவர் ஏன் வருவதில்லை? இணையதளத்துக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதத்துக்கு எத்தனை பேர் தங்கள் இணையதளத்துக்கு வருகிறார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிறைவடைகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். வந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தளம் உண்மையிலேயே தேவைப்பட்டது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. வளர்ந்தவர்களுக்கு வயலின் கற்றுத்தரும் ஓர் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். குழந்தைப் பாடல்களைத் தேடி அவருடைய தளத்துக்கு ஆயிரம் பேர் வந்து போனாலும் அவருக்கு ஒரு மாணவர்கூடக் கிடைக்கப்போவதில்லை. மாறாக, நாற்பது வயதுக்குமேல் வயலின் பழக முடியுமா என்ற தயக்கத்தோடு இருபது பேர் வந்தால், அவர்களில் சிலராவது அவருக்குக் கடிதம் எழுதுவார்கள். இணைய எழுத்தில் நேரும் தவறுகள் பல வகைப்பட்டவை என்றாலும், யாரை வரவேற்கிறோம், யாரை வரவேற்கவில்லை என்பதை முடிவு செய்யாமலேயே எழுதத் தொடங்கிவிடுவதுதான் அவற்றில் பெரும்பாலானவற்றின் வேர் என்று நான் கருதுகிறேன்.

எல்லோரையும் அழைப்பது

"அனைத்துத் தரப்பினருக்கும் ஏற்ற, தரமான, நம்பகமான சேவையை வழங்குகிறோம்" என்ற வாக்கியத்தை எத்தனையோ முகப்புப் பக்கங்களில் பார்க்கலாம். இதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் செய்தியும் எதுவும் இல்லை. இத்தகைய வாக்கியங்களைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் பெயரை எடுத்துவிட்டு, அதே தொழிலில் இருக்கும் இன்னொருவரின் பெயரை அந்த இடத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அப்போதும் வாக்கியம் சற்றும் பிசகாமல் பொருந்தினால், அது உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

எல்லோருக்கும் எழுதுவதற்குப் பின்னால் இருப்பது அச்சம். ஒரு பிரிவினரைக் குறிப்பிட்டு எழுதினால் மற்றவர்கள் போய்விடுவார்களே என்ற கவலை நியாயமானதாகவே தோன்றும். ஆனால் அந்த மற்றவர்கள் எப்படியும் போகத்தான் போகிறார்கள். பத்து நிமிடம் படித்து, மூன்று கேள்விகள் கேட்டு, உங்கள் நேரத்தையும் தங்கள் நேரத்தையும் செலவிட்ட பிறகு போகிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. தனி ஆளாகத் தொழில் நடத்துகிறவர்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றை விற்கிறவர், "ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிடும் வசதி இதில் இல்லை" என்று முதல் திரையிலேயே எழுதிவிட்டால், ஊழியர் வைத்திருப்பவர் உடனே விலகிவிடுவார். தனி ஆளாக உழைக்கிறவரோ, தமக்குத் தேவையில்லாத எதையும் சுமக்காத ஒரு கருவியைக் கண்டதாக எண்ணித் தொடர்ந்து படிப்பார். இது யாருக்கு ஏற்றதன்று என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு பத்தி, யாருக்கு ஏற்றது என்று விளக்கும் ஐந்து பத்திகளைக் காட்டிலும் அதிக நம்பிக்கையைத் தருகிறது.

வாசகரின் சொல்லைக் கேட்காமல் எழுதுவது

1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். நன்கு அறிமுகமான பாடல்களின் தாளத்தைச் சிலர் மேசைமேல் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது எந்தப் பாடல் என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்பவர்களில் பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் மதிப்பிட்டார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் சரியாகச் சொல்லப்பட்டவை வெறும் 3. தட்டுகிறவரின் மனத்துக்குள் முழுப் பாடலும் ஒலித்துக்கொண்டிருந்தது. கேட்டவருக்கு எட்டியது மேசையின் ஓசை மட்டுமே.

ஒரு துறையில் பல ஆண்டுகள் இருந்தவர் தம் இணையதளத்துக்கு எழுதும்போது நேர்வது இதுவே. துறைக்குள் புழங்கும் சொற்கள் அவருக்கு இயல்பாகிவிட்டன. அவற்றை அறியாதவர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதே அவருக்குத் தோன்றுவதில்லை. உதவி தேடி வருகிறவர் தம் சிக்கலின் பெயரை அறிந்திருப்பதில்லை. அதன் அறிகுறியை மட்டுமே அறிந்திருக்கிறார். "தரவு மீட்புச் சேவை" என்று நிறுவனம் எழுதுகிறது. "போனில் அழிந்துபோன போட்டோவைத் திரும்ப எடுப்பது எப்படி" என்று அவர் தட்டச்சு செய்கிறார். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள், ஆனால் சந்தித்துக்கொள்வதில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. மின்கலம் என்ற சொல்லை நாம் விரும்பலாம். தேடுகிறவர் பேட்டரி என்றுதான் தேடுகிறார். கலைச்சொற்களைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றின்மேல் எனக்குப் பற்று உண்டு. தலைப்பிலும் முதல் பத்தியிலும் வாசகரின் சொல்லை வைத்து அவரை உள்ளே அழைத்துவிட்டு, அடுத்த பத்தியில் கலைச்சொல்லை அதற்குரிய விளக்கத்தோடு அறிமுகப்படுத்தினால், அவர் புதிதாக ஒரு சொல்லையும் கற்றுக்கொண்டு போவார். வாசலிலேயே அறியாத சொல்லை நிறுத்தி வைத்தால், உள்ளே வராதவருக்கு எந்தச் சொல்லையும் கற்பிக்க முடியாது.

வாசகரின் சொல் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்பதுண்டு. அது பெரும்பாலும் உங்களிடமே இருக்கிறது. இதுவரை உங்களுக்கு வந்த மின்னஞ்சல்களின் முதல் இரண்டு வரிகளை எடுத்து வைத்துப் படியுங்கள். தொலைபேசியில் அழைக்கிறவர்கள் தங்கள் சிக்கலை எந்த வாக்கியத்தில் தொடங்குகிறார்கள் என்பதை ஒரு வாரம் குறித்து வையுங்கள். நாள்தோறும் நடக்கும் தேடல்களில் ஏறத்தாழ 15 சதவீதம் அதற்குமுன் ஒருபோதும் கேட்கப்படாதவை என்று கூகுள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. மக்கள் எவ்வளவு புதிது புதிதாகத் தங்கள் தேவையைச் சொல்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று; திறவுச்சொற்களை (keywords), அதாவது மக்கள் தேடக்கூடும் என்று நாம் கணிக்கும் சொற்களை, எவ்வளவு நீளமாகப் பட்டியலிட்டாலும் அவற்றை முன்கூட்டியே பிடித்துவிட முடியாது.

கேள்வியின் நோக்கத்தைத் தவறவிடுவது

சரியான சொல்லைப் பிடித்துவிட்டாலும், அந்தச் சொல்லைத் தட்டியவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதைத் தவறவிட்டால் பயனில்லை. தேடுபொறி ஆய்வாளரான ஆண்ட்ரே பிராடர் 2002-இல் வெளியிட்ட கட்டுரையில் இணையத் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒன்றை அறிந்துகொள்வதற்கான தேடல், முன்பே அறிந்த ஒரு தளத்தைச் சென்றடைவதற்கான தேடல், வாங்குவது, பதிவிறக்குவது போன்ற ஒரு செயலைச் செய்து முடிப்பதற்கான தேடல். எழுத உட்காரும் எவருக்கும் இந்தப் பகுப்பு இன்றும் போதுமானது.

காதில் ஓயாமல் இரைச்சல் கேட்பது ஏன் என்று தேடி வருகிறவர் அச்சத்தில் இருக்கிறார். அவருக்குச் செவித்துணைக் கருவிகளின் மாதிரிகளையும் தள்ளுபடியையும் காட்டுகிற பக்கம், கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அவரை விரட்டிவிடும். இரைச்சலுக்கான காரணங்கள் எவை, எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும், எப்போது பதற வேண்டியதில்லை என்று நிதானமாக விளக்கும் பக்கம் அவரை அமரவைக்கும். அதேபோல், இரண்டு கருவிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டவரிடம் காது எப்படி இயங்குகிறது என்று பாடம் நடத்துவதும் தவறே. ஒரே பக்கத்தில் இந்த இருவரையும் நிறைவு செய்ய முயல்வதைக் காட்டிலும், இரண்டு பக்கங்களை எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தெளிவான இணைப்புக் கொடுப்பதே முறை.

தேடுபொறியை வாசகராக எண்ணுவது

ஒரே திறவுச்சொல்லைப் பத்திக்குப் பத்தி திணிப்பது, வாசகர் கண்ணில் படாதபடி பக்கத்தின் நிரலில் சொற்பட்டியலை ஒளித்து வைப்பது போன்ற பழக்கங்கள் இன்னும் தொடர்கின்றன. அப்படி நிரலில் சொற்பட்டியல் வைக்கும் இடமான திறவுச்சொல் குறியை (keywords meta tag) தன் தரவரிசையில் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. 2011 பிப்ரவரியில் வந்த பாண்டா என்ற மாற்றம், தேடலுக்காக மட்டுமே மலிவாக எழுதிக் குவிக்கப்பட்ட பக்கங்களைக் கீழே தள்ளியது. 2019-இல் பெர்ட் என்ற மொழி மாதிரியைத் தேடலில் சேர்த்த பிறகு, தனிச்சொற்களை மட்டுமின்றி அவை வாக்கியத்தில் ஒன்றோடொன்று கொள்ளும் உறவையும் கணக்கில் கொள்ளும் திறன் கூடியது. 2022 ஆகஸ்டில், தேடுபொறிக்கென்று எழுதப்பட்டவற்றைவிட மனிதருக்கென்று எழுதப்பட்டவற்றை முன்னிறுத்தும் நோக்கத்தோடு இன்னொரு மாற்றம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பக்கங்களின் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்கான வழிகாட்டியில், எழுதியவருக்கு அந்த விஷயத்தில் நேரடி அனுபவம் உண்டா என்பதும் ஓர் அளவுகோலாகச் சேர்க்கப்பட்டது.

இந்த வரிசையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தேடுபொறியை ஏமாற்றக் கற்றுக்கொள்ளும் ஒவ்வோர் உத்திக்கும் ஆயுள் குறைவு. வாசகரின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதியவர்கள் இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் தங்கள் முயற்சியை மாற்றிக்கொள்ளத் தேவை நேரவில்லை. நீளத்தைப் பற்றிய மூடநம்பிக்கையும் இதில் அடங்கும். இத்தனை சொற்கள் இருந்தால்தான் முதல் பக்கத்தில் இடம் கிடைக்கும் என்று நம்பி, எண்ணூறு சொற்களில் முடிய வேண்டியதை இரண்டாயிரமாக இழுக்கிறார்கள். தனக்கு உகந்த சொல்லளவு என்று எதுவும் கிடையாது என்று கூகுள் தன் வழிகாட்டியில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

பதிலைக் கடைசியில் ஒளித்து வைப்பது

இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் யாகோப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனையில் பங்கேற்றவர்களில் 79 சதவீதத்தினர் புதிய பக்கத்தை மேலோட்டமாகக் கண்ணோட்டமிட்டார்கள். சொல்லுக்குச் சொல் படித்தவர்கள் 16 சதவீதம் மட்டுமே. அதே ஆய்வில் ஒரே தளத்தின் உரையைப் பல வகையாக மாற்றி எழுதிச் சோதித்தபோது, நீளத்தைப் பாதியாகக் குறைத்த உரை 58 சதவீதமும், துணைத்தலைப்புகள், பட்டியல்கள் ஆகியவற்றால் எளிதில் கண்ணோட்டமிடும்படி அமைத்த உரை 47 சதவீதமும் பயன்பாட்டில் மேம்பட்டிருந்தன. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மூன்றாவது எண்: வேறு எதையும் மாற்றாமல், தற்புகழ்ச்சியை மட்டும் நீக்கி நடுநிலையான நடையில் எழுதியதற்கே 27 சதவீத மேம்பாடு கிடைத்தது. "ஈடு இணையற்ற", "உலகத் தரம் வாய்ந்த" போன்ற அடைமொழிகளைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் வாசகர் அதை நம்பலாமா என்று மனத்துக்குள் எடைபோட வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையை இறக்கிவிட்டாலே அவர் வேகமாகப் படிக்கிறார்.

ஆகவே, "இன்றைய வேகமான உலகில்" என்று தொடங்கும் முன்னுரைகளை இரக்கமின்றி வெட்டிவிடலாம். எழுதி முடித்த பிறகு முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாவது பத்தியிலிருந்து படித்துப் பாருங்கள். எதுவும் குறையாகத் தோன்றவில்லையென்றால் முதல் பத்தி தேவையில்லை. தலைப்புகளிலும் இதே கவனம் வேண்டும். 2006-இல் நீல்சனின் நிறுவனம் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, பக்கத்தின் மேற்பகுதியையும் இடது ஓரத்தையுமே பார்வை அதிகம் தொட்டுச் செல்வது தெரியவந்தது. அதாவது, வரியின் தொடக்கச் சொற்களுக்குத்தான் வாசகரின் கவனம் கிடைக்கிறது. தமிழில் சொல்வரிசையை மாற்றியமைக்கும் வசதி இருப்பதால், "நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சில காப்பீட்டு விதிகள்" என்பதைக் "காப்பீட்டு விதிகள்: கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டியவை" என்று திருப்பி எழுதுவதில் எந்தச் சிரமமும் இல்லை.

இணைப்புகளும் பழைய பக்கங்களும்

"இங்கே சொடுக்கவும்" என்று இணைப்புக்குப் பெயரிடாதீர்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் தனியே தொகுத்துப் படித்துக்காட்டும் வசதி கொண்டவை. அந்தத் தொகுப்பில் "இங்கே சொடுக்கவும்" என்பது பத்து முறை ஒலித்தால் எது எங்கே போகிறது என்று யாராலும் அறிய முடியாது. போய்ச் சேரும் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதையே இணைப்பின் சொற்களாக்குங்கள்.

உள்ளே எதையும் திருத்தாமல் தேதியை மட்டும் புதிதாக்குவது வாசகரை ஏமாற்றுவதே ஆகும். தகவல் காலாவதியாகியிருந்தால் திருத்துங்கள், அல்லது எந்த ஆண்டுக்கு உரியது என்று எழுதி வையுங்கள். திருத்தும்போது பக்கத்தின் முகவரியை மாற்றாமல் இருப்பது நல்லது. உங்களை நம்பி அந்த முகவரியை வேறெங்கோ குறித்து வைத்தவர்கள் இருப்பார்கள்.

எண்ணிக்கையை மட்டும் அளப்பது

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி, எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதைப் பக்கவாரியாகத் தருகிறது. மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இப்படிக் கேட்டு வருகிறவருக்கு நம்மிடம் பதில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இருந்தும் யாரும் உள்ளே வரவில்லையென்றால், தேடல் முடிவில் தெரியும் தலைப்பும் அதன்கீழ் காட்டப்படும் இரண்டு வரி விளக்கமும் தெளிவாக இல்லாமல் இருக்கலாம். அவற்றை மாற்றி எழுதிவிட்டுச் சில வாரங்கள் காத்திருந்து பாருங்கள். பதிலே இல்லாத கேள்விகளுக்காகப் பலர் வந்துகொண்டிருந்தால், அந்தப் பதிலை எழுதுவது உங்கள் வேலைதானா என்று முதலில் தீர்மானியுங்கள். ஆம் என்றால் அதற்கெனத் தனிப் பக்கம் எழுதுங்கள். இல்லையென்றால் அவர்களை வரவழைத்த சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த மாத எண்ணிக்கை குறையும்.