ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும்

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே பத்து நிமிஷம் கிடைக்கும் அல்லவா? அப்போது பிள்ளைகளுக்கு ஒருவருடைய கதையைச் சொல்லுங்கள். வேதாகமக் கதையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

எங்கள் வீட்டில் முதலில் சொன்னது ஐடா ஸ்கடர் கதை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிக்கு உதவக் கேட்டார்கள். ஐடா அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அவருடைய அப்பாவை, ஆண் என்பதால் அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பிய ஐடா, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. (ரொம்பச் சின்னப் பிள்ளைகள் என்றால் சாவை மெதுவாகச் சொல்லுங்கள்.)

அப்புறம், "நமக்குத் தெரிந்தவர்களில் இப்படி யார் இருக்கிறார்?" என்று கேளுங்கள். பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். என் மகள், ஆலய வாசலில் செருப்புகளை ஜோடி சேர்த்து வைக்கும் தாத்தாவைச் சொன்னாள். இத்தனை வருஷமாக அவர் என் கண்ணில் பட்டதே இல்லை!

பிள்ளையே அதைத் துண்டுச் சீட்டில் எழுதி, தேதி போட்டு, பாட்டிலில் போடட்டும். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். அந்த வாரமே அவருக்கு நாலு முறுக்காவது பிள்ளை கையால் போகட்டும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் கிளம்புமுன் பாட்டிலைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக வாசித்து, குடும்ப ஜெபத்தில் அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். எங்கள் சீட்டில் "செருப்பு தாத்தா" என்றுதான் இருந்தது. பெயரைக் கேட்டுவர அவளையே அனுப்பினோம்.