கருவியின் காதில் விழுந்ததா?

கணினியிலிருந்து பவர் சப்ளைக்கு ஒரு கட்டளை போகிறது. புரோகிராம் எந்தப் பிழையும் காட்டவில்லை. சரி, கருவி சொன்னதைச் செய்துவிட்டது என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். பாதித் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

அளவீட்டுக் கருவிகளுக்குக் கணினி கட்டளையிட 1990-இல் வந்த எஸ்சிபிஐ மொழியில் ('ஸ்கிப்பி' என்றுதான் பலரும் சொல்வார்கள்) வெறும் கட்டளைக்குப் பதில் வராது. கேள்விக்குறி போட்டதற்கு மட்டுமே வரும். எழுத்துப் பிழையோடு அனுப்பினாலும் கருவி மூச்சு விடாது. பிழையைத் தன் வரிசையில் போட்டு வைத்துக்கொள்ளும். 'சிஸ்டம்:எரர்?' என்று நாம் போய்க் கேட்டால்தான் மைனஸ் 113, அதாவது அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்று வாய் திறக்கும். ஒரு தடவைக்கு ஒரு பிழைதான் வெளியே வரும் என்பதால் 0 வரும்வரை கேளுங்கள்.

அடுத்தது இன்னும் மோசம். மல்டிமீட்டரிடம் மின்னழுத்தம் கேட்கிறீர்கள். அது சராசரி எடுத்துச் சொல்ல 3 நொடி ஆகும். நீங்கள் வைத்த டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் வரம்பு, 2 நொடி. புரோகிராம் அதைக் கைவிட்டு, அடுத்து மின்தடையைக் கேட்கிறது. லேன் சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு) வழியாகப் பேசினால், தாமதமாக வந்த பழைய பதில்தான் முதலில் கைக்குக் கிடைக்கும். 4.998 வோல்ட் 4.998 ஓம் ஆகிவிடும். அப்புறம் ஒவ்வொரு பதிலும் ஒரு கேள்வி பிந்தியே வரும். எண்கள் பார்வைக்கு நியாயமாக இருப்பதுதான் கொடுமை. ஒரு நல்ல ரெசிஸ்டரை மதியம் முழுக்கச் சந்தேகப்பட்டவன் நான். டைம்அவுட் ஆனால் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். சாக்கெட் என்றால் இணைப்பை மூடித் திறங்கள். ஜிபிஐபி (கருவிகளுக்கான பழைய கேபிள் இணைப்பு), யூஎஸ்பி என்றால், தேங்கியதைத் துடைக்கும் டிவைஸ் கிளியர் அனுப்புங்கள்.

காத்திருக்க ஸ்லீப் (புரோகிராமைச் சில நொடி நிறுத்தும் கட்டளை) போடுவதும் ஆபத்துதான். இன்று போதுமான ஒரு நொடி, அளவீட்டு நேரத்தைக் கூட்டிய அன்று போதாது. '*ஓபிசி?' என்று கேட்டால் வேலை முடிந்ததும் கருவியே 1 என்று சொல்லும். எந்தெந்த வேலைகளுக்கு அப்படிச் சொல்லும் என்பதை மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பிலிருந்து அலைவடிவத்தை பைனரியாக (எழுத்தாக அல்லாமல் வெறும் பைட்டுகளாக) எடுக்கும்போது வேறொரு பள்ளம். வரி முடிவைக் குறிக்கும் 10 என்ற பைட் தரவுக்குள்ளேயும் வரும். வரி முடிவு வரை படி என்று எழுதியிருந்தால் அலை பாதியில் அறுந்து நிற்கும். தொடக்கத்தில் #41000 என்று வந்தால், 4 என்பது பின்னால் வரும் இலக்கங்களின் எண்ணிக்கை. 1000 என்பது பைட் எண்ணிக்கை. அத்தனையையும் எண்ணிப் படித்துவிட்டு, கடைசியில் ஒட்டிவரும் வரி முடிவையும் எடுத்துவிடுங்கள்; விட்டால் அடுத்த பதிலில் வந்து நிற்கும்.

அலகிலும் கவனம் வேண்டும். இந்த மொழிக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். 'எம்' என்பது வோல்ட்டுக்கு முன் மில்லி. ஹெர்ட்ஸுக்கும் ஓமுக்கும் முன் வந்தால் மட்டும் மெகா. நான் அலகே போடுவதில்லை, 5 மில்லிவோல்ட் என்றால் 0.005 என்று எழுதிவிடுவேன்.