மனை நோட்டீஸை வைத்துப் பழகுவோம்: நம்மை இணங்க வைக்கும் வாசகங்களைப் பிரித்துப் பார்க்கும் முறை

பேச்சையோ விளம்பரத்தையோ அலசிப் பார்க்கப் பழக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அரசியல் மேடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது வேண்டாம். கட்சி என்று வந்துவிட்டால் கோபமோ பாசமோ முன்னாடியே உட்கார்ந்துகொள்ளும். பேசுகிற ஆளைப் பார்ப்போம், பேச்சைப் பார்க்க மாட்டோம். நான் சொல்வது மனை விற்பனை நோட்டீஸ். கடலூர், புதுச்சேரிப் பக்கம் பேப்பருக்குள் செருகி வரும், டீக்கடை மேஜையில் கிடக்கும். காசு இல்லை, ஒரு பக்கத்தில் முடிந்துவிடும், யார் மேலும் நமக்குப் பகையில்லை.

நீலம், சிவப்பு என்று இரண்டு பேனா, ஒரு நோட்டு போதும். ஹைலைட்டர் எடுக்காதீர்கள், பாதிப் பக்கம் மஞ்சளாகும், ஒன்றும் பிரியாது. கூகுள் லென்ஸில் எழுத்தை மட்டும் உருவி எடுப்பதும் எனக்குப் பிடிக்காது. எது கொட்டை எழுத்தில், எது பொடி எழுத்தில் என்பது பாதி விஷயம், அது போய்விடும். சாட்ஜிபிடியிடம் கேட்பதானால் நீங்கள் எழுதி முடித்த பிறகு கேளுங்கள். முதலிலேயே கேட்டால் அது காட்டிய இடத்தைத் தாண்டி உங்கள் கண் போகாது.

மாதிரிக்கு நானே ஒன்று எழுதியிருக்கிறேன். எந்த நிறுவனத்துடையதும் அல்ல, ஆனால் சாயல் உங்களுக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும்:

“பாண்டிக்கு மிக அருகில்! மெயின் ரோட்டிலிருந்து 5 நிமிடத்தில்! டி.டி.சி.பி., ரெரா அங்கீகாரம் பெற்ற வீட்டுமனைகள். சுற்றிலும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை. இன்று வாங்கினால் நாளை இரட்டிப்பு லாபம். சில மனைகளே உள்ளன, முந்துங்கள்! இரண்டாம் பகுதி விரைவில் ஆரம்பம்.”

படி 1: என்ன செய்யச் சொல்கிறது?

‘முந்துங்கள்.’ அவ்வளவுதான். வாங்குங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, யோசிக்காதீர்கள் என்கிறது. நோட்டின் தலைப்பில் இதை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

படி 2: பக்கம், ஏது, திட்டாந்தம்

பாடப்புத்தகங்கள் அரிஸ்டாட்டிலின் மூன்றில் ஆரம்பிக்கும்: பேசுபவர் மேல் உள்ள நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, பேச்சின் தர்க்கம். நல்ல பிரிவுதான். ஆனால் ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு உடைக்க எனக்கு மணிமேகலையின் 29ஆம் காதை வசதி. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லித் தரும் இடம் அது. ‘இந்த மலையில் நெருப்பு இருக்கிறது’ என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. ‘புகை இருப்பதால்’ என்பது ஏது, அதாவது காரணம். ‘அடுக்களை போல’ என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு.

நம் நோட்டீஸில் பக்கத்துக்குச் சிவப்புக் கோடு, ஏதுவுக்கு நீலக் கோடு. ‘இரட்டிப்பு லாபம்’ சிவப்பு. ‘பாண்டிக்கு அருகில்’, ‘அங்கீகாரம் பெற்ற’, ‘சுற்றிலும் பள்ளி’ எல்லாம் நீலம். திட்டாந்தம்? இல்லை. இதே வட்டாரத்தில் எந்த மனை எந்த வருஷம் என்ன விலைக்குப் போய் இப்போது என்ன விலை என்று ஒரே ஒரு எடுத்துக்காட்டுகூட இல்லை. இல்லாததையும் நோட்டில் எழுதுங்கள்.

படி 3: சொல்லாமல் விட்டதை எழுதுவது

எல்லாரும் திணறும் இடம் இதுதான். ஏதுவுக்கும் பக்கத்துக்கும் நடுவே ஒரு பொது விதி ஒளிந்திருக்கும். நோட்டீஸ் அதைச் சொல்லாது, நம் மனசே நிரப்பிக்கொள்ளும். நாமே நிரப்பிக்கொண்டதால் அதைச் சந்தேகிக்கவும் மாட்டோம்.

பிடிக்கும் வழி: ‘இது இருக்கும் இடத்திலெல்லாம் அது இருக்கும்’ என்ற அச்சில் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். மலைக்கு: புகை இருக்கும் இடத்திலெல்லாம் நெருப்பு இருக்கும். நம் மனைக்கு: டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கும் மனையெல்லாம் விலை இரட்டிப்பாகும். எழுதிப் பார்த்ததுமே சிரிப்பு வரும். நோட்டீஸில் படிக்கும்போது வரவில்லையே!

மணிமேகலை அடுக்களையோடு நிற்பதில்லை, எதிர்த்திசையிலும் சோதிக்கிறது: நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரில் போல. நீங்களும் கேளுங்கள். விலை ஏறாமலே கிடக்கும் மனைகளில் அங்கீகாரம் பெற்றவை இல்லையா? முள் மண்டிக் கிடக்கும் அங்கீகார மனையை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். விலை ஏறிய இடத்திலும் ஏறாத இடத்திலும் ஒரே ஏது காணப்பட்டால் அது எதையும் நிறுவாது. இதற்கு அந்தக் காதையில் அநைகாந்திகம் என்று பெயர், ஏதுப்போலிகளில், அதாவது காரணம் போலத் தோன்றும் போலிகளில் ஒன்று. பெயர் மறந்தாலும் பரவாயில்லை.

‘சில மனைகளே உள்ளன’, ‘இரண்டாம் பகுதி விரைவில்’ இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தன் சொல்லைத் தானே வெட்டுவது சுவசன விருத்தம். மணிமேகலை தரும் எடுத்துக்காட்டு ‘என் தாய் மலடி’.

படி 4: கடமையைப் பெருமையாக்கும் இடம்

அங்கீகாரம் என்றால் என்ன என்று இப்போதுதான் தேட வேண்டும், முன்னாடி அல்ல. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தரும் அங்கீகாரம் மனைப்பிரிவின் சாலை, பொது இடம் போன்ற அமைப்பைப் பற்றியது. உரிமை சுத்தமா என்பதற்குத் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் தனியாகப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் இருக்க வேண்டும். ஆக, ‘ரெரா அங்கீகாரம்’ என்பது ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிறேன் என்று பீற்றிக்கொள்வது மாதிரி. எண் போடாமல் அதைச் சொன்னால் இன்னும் மோசம்.

‘பாண்டிக்கு அருகில்’ என்றால் மனை பாண்டியில் இல்லை. முள்ளோடை எல்லையைத் தாண்டி ரெட்டிச்சாவடிப் பக்கம் வந்துவிட்டால் கடலூர் மாவட்டம். பத்திரப் பதிவும் வழிகாட்டி மதிப்பும் தமிழ்நாட்டுக் கணக்கு. ‘5 நிமிடம்’ யாருடைய வண்டியில் என்பதை உங்களிடமே விடுகிறேன்.

நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள பொய்யான தகவலை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்க அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்போது அந்தத் தாள்தான் சாட்சி.

படி 5: விமர்சனம் எழுதுவது

முதல் பத்தியில் அந்த நோட்டீஸ் எதில் ஜெயிக்கிறது என்று நேர்மையாக எழுதுங்கள். வாடகை வீட்டில் இருப்பவரின் ஏக்கத்தை ஒரே வரியில் தொடுகிறது என்றால் அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு உங்கள் பொது விதி வாக்கியம், அதை உடைக்கும் ஒரு எடுத்துக்காட்டு. ‘மக்களை ஏமாற்றுகிறார்கள்’ என்று எழுதக் கை பரபரக்கும். அது விமர்சனம் ஆகாது.

கை பழகிய பிறகு மேடைக்குப் போகலாம். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்து அரசியல் பேச்சு ஒன்றின் வீடியோவிலிருந்து ஐந்து நிமிடத்தைக் கையால் எழுதி எடுங்கள். ‘நாம்’ வரும் இடத்துக்குச் சிவப்பு வட்டம், ‘நாங்கள்’ வரும் இடத்துக்கு நீல வட்டம். சாதனைக்கு எது, கஷ்டத்துக்கு எது என்று பாருங்கள். பேச்சின் வரைபடமே கிடைத்துவிடும்.

பின்சேர்க்கை 1: சிப்காட் பக்கத்து வாசகர் ஒருவர், தொழிற்சாலை விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இது பயன்படுமா என்று கேட்டிருந்தார். நன்றாகவே பயன்படும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். திட்டச் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தில் படி 4ஐ வையுங்கள். மொத்தப் பரப்பில் இவ்வளவு பசுமைப் பகுதி என்று இருந்தால், அது பொதுவாக விதிக்கப்படும் நிபந்தனை, தயவு அல்ல. ‘வேலைவாய்ப்பு’ என்று ஒரே எண்ணாக இருந்தால் கட்டுமானக் காலத்துக்கு எத்தனை, நிரந்தரம் எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: ‘சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு’ என்ற சுவரொட்டியை எப்படி அலசுவது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அலசவே வேண்டாம். சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டமே தடை செய்கிறது. ஊர், தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.