சமையலறைத் தராசில் பாயில் விதி

வெப்பநிலை மாறாதவரை, வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி வரும் எண் மாறாது. ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட இந்த விதியை சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையிலேயே சோதிக்கலாம். 5 கிலோ வரை காட்டும் மின்னணுத் தராசு, ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்சு, அதன் முனைக்குப் பொருந்தும் திருகுமூடி, இவ்வளவுதான் தேவை.

முதலில் உந்துதண்டின் பரப்பைக் கணக்கிடுங்கள். சிரிஞ்சின் 0 கோட்டுக்கும் 20 கோட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து, 20ஐ அதனால் வகுக்க வேண்டும். தூரம் 6.5 செ.மீ. என்றால் பரப்பு 3.08 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ. மீது 1 கிலோ எடை தரும் அழுத்தம் 98 கிலோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). ஆகவே 98ஐ 3.08ஆல் வகுத்தால் 32 வரும்: தராசில் ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் 32 கிலோபாஸ்கல்.

மூடியைக் கழற்றி, உந்துதண்டின் நுனி ரப்பரை 20இல் நிறுத்தி, பிறகு மூடியை இறுக்குங்கள். சிரிஞ்சைத் தலைகீழாகப் பிடித்து, உந்துதண்டின் தட்டையான தலையைத் தராசில் வைத்து 0 ஆக்குங்கள். இப்போது குழலின் காதுகளை (விரல் வைக்கும் விளிம்புகளை) மட்டும் பிடித்துக் கீழே அழுத்தவும். குழலையே கையால் பொத்தினால் உள்ளங்கைச் சூடு காற்றில் ஏறும். ஏர்கான் அறையில் அது அரை மி.லி. வரை பிழை தரும்.

1, 2, 3 கிலோவில் நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்துப் படியுங்கள். சட்டென்று அழுத்தினால் காற்று சூடேறி, கன அளவு கூடுதலாகத் தெரியும். முனைப் பக்கம் உள்ள ரப்பர் விளிம்பே கணக்கு. ஏறக்குறைய 15.2, 12.3, 10.3 மி.லி. கிடைக்க வேண்டும்.

பலர் சறுக்குவது கணக்கில்தான். தராசு காட்டுவது கூடுதல் அழுத்தத்தை மட்டுமே. வளிமண்டலத்தின் 101 கிலோபாஸ்கலையும் சேர்க்க வேண்டும். 1 கிலோவுக்கு 133 × 15.2, அதாவது 2020ஐ ஒட்டிய எண். மற்ற இரண்டிலும் அதுவே வரும்.

உராய்வுதான் பெரிய தொல்லை. அழுத்தும்போது தராசு கூடுதலாகவும், தளர்த்தும்போது குறைவாகவும் காட்டும். ஆகவே ஒரே கோட்டில் இரு திசையிலும் படித்துச் சராசரி எடுங்கள். ரப்பருக்கு ஒரு துளி சிலிக்கோன் எண்ணெய் நல்லது. சமையல் எண்ணெய் வேண்டாம், ரப்பர் உப்பிவிடலாம்.

கடைசியில் கசிவைப் பாருங்கள். உந்துதண்டைச் சற்று இழுத்து விடுங்கள், பிறகு சற்று அழுத்தி விடுங்கள். அது நிற்கும் இரு இடங்களின் நடு 20ஐ விடக் குறைந்திருந்தால், காற்று கசிந்திருக்கிறது.