செம்மறிக் குட்டிக்குப் பால் மறக்கடிப்பதும் எடை போடுவதும்

குட்டிக்கு 90 நாள் ஆகிவிட்டது, பிரித்துவிடலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் எடை போட்டுப் பாருங்கள். பண்ருட்டிப் பக்கம் நாங்கள் வளர்ப்பது மெட்ராஸ் ரெட் என்கிற செம்மறி இனம். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், மூன்று மாதத்தில் ஒன்பது பத்து கிலோவைத் தொட வேண்டும். இரட்டையில் இளைத்த குட்டி ஆறு கிலோவில் நிற்கும்போதே, தேதி வந்துவிட்டதே என்று பிரித்தால் ஒரே வாரத்தில் முதுகெலும்பு கையில் தட்டும். அப்படி ஒன்றை நானே கெடுத்திருக்கிறேன்.

பெரிய மெஷின் எல்லாம் வேண்டாம். கொக்கி வைத்த டிஜிட்டல் தராசைக் கொட்டகை விட்டத்தில் தொங்கவிட்டு, அரிசிச் சாக்கில் நான்கு காலுக்கும் ஓட்டை போட்டுத் தூளி மாதிரி மாட்டுங்கள். வெறும் சாக்கோடு பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு குட்டியை ஏற்றுங்கள். அது உதறும்போது எண் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளங்கையால் கண்ணை மூடினால் அடங்கும், அப்போது படியுங்கள். காலையில் வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். மேய்ந்து வந்த குட்டியின் எடையை நம்பாதீர்கள். பிறந்த அன்று ஒருமுறை, அப்புறம் 15 நாளுக்கு ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். 2.6 கிலோவில் பிறந்தது 90ஆம் நாள் 10.7 என்றால் நாளுக்கு 90 கிராம் ஏறியிருக்கிறது, சரி.

பால் மறக்க வேண்டுமானால் தீனி ருசிக்க வேண்டும். இரண்டாவது வாரத்திலிருந்தே மூலையில் மூங்கில் தட்டி கட்டி, குட்டி மட்டும் நுழையும் சந்து விட்டு, உள்ளே குட்டித் தீவனமும் வேலிமசால் தழையும் வையுங்கள். நம்மூரில் கிடைக்கிற கடலைக்கொடி, இலை உதிராததாக இருந்தால், அதையும் விரும்பித் தின்னும்.

பிரிக்கும்போது தாயை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், குட்டி பழகிய இடத்திலேயே இருக்கட்டும். மூன்று நான்கு நாள் இரவில் மட்டும், பிறகு பகலிலும் என்று பத்து நாளில் முடிக்கலாம். கத்தும், விடுங்கள். தாய்க்கு அடர்தீவனத்தை, அதாவது தானியம் பிண்ணாக்கு கலந்த தீனியை, குறைத்தால் பால் வற்றும். மடி சூடாகி வீங்கினால் உடனே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். கிடாக்குட்டியையும் பெட்டையையும் அப்போதே தனித்தனியாக அடைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் இந்த வேலை வேண்டாம். ஈரத்தரை, குடற்புழு, தாயைப் பிரிந்த ஏக்கம், மூன்றையும் ஒரு குட்டி தாங்காது. புழு மருந்தும் எடைக்குத் தகுந்த அளவுதான், கண்மதிப்பில் ஊற்றாதீர்கள்.

பிரித்த ஏழாம் நாள் மறுபடி தூளியில் போடுங்கள். எடை அப்படியே நின்றாலும் கொஞ்சம் குறைந்தாலும் பயமில்லை. இரண்டாவது வாரமும் இறங்கினால் அந்தக் குட்டியை மட்டும் திரும்பத் தாயிடம் விட்டுவிடுங்கள்.