முறுக்குத் தராசும் பின் பெஞ்சுச் சிரிப்பும்

பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். ‘முறுக்குத் தராசு’ (கம்பி முறுகுவதை வைத்துச் சிறிய விசையை அளக்கும் கருவி) என்று சொன்னதுமே, “கால் கிலோ என்ன விலை சார்?” என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். அதட்டாதீர்கள். கைமுறுக்கு ஒன்றைக் கையில் கொடுங்கள். மாவை விரலால் திருகித் திருகிச் சுற்றுவதால்தானே அதற்கு அந்தப் பெயர்!

அப்புறம் மெல்லிய செப்புக் கம்பியில் ஸ்கேலைக் கிடையாகத் தொங்கவிட்டு, நுனியை லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். கம்பி முறுக்கேறும், விட்டால் ஸ்கேல் திரும்பி வரும். 1785இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம், இப்படிக் கம்பி முறுகிய கோணத்தை வைத்துத்தான் மின்னூட்டங்களுக்கு இடையேயான விசையை அளந்தார். கோணம் இரண்டு மடங்கானால் விசையும் இரண்டு மடங்கு. இதைச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிடுங்கள், நன்றாக ஒட்டிக்கொள்ளும். முறுக்கு மட்டும் கூடுதலாக வாங்கிப் போங்கள், எல்லோரும் கேட்பார்கள்.