‘புரிஞ்சுதுங்க’ என்றால் நம்பிவிடாதீர்கள்: கணக்கு டியூசனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிகிரி முடித்த கையோடு வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டியூசன் ஆரம்பிப்பவர்கள் ஈரோடு, கோபி, பொள்ளாச்சிப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது உண்டு. பழையவர்கள் விழுந்த அதே குழியில்தான் புதியவர்களும் விழுகிறார்கள். நேரத்துக்கு வருவது, அதட்டாமல் இருப்பதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடை சரியாக வந்தும் பிள்ளைக்குக் கணக்கு வராமல் போகிற இடங்கள் வேறு.

பிள்ளையின் வாக்கியத்தை நீங்கள் முடிப்பது

பெரிய நஷ்டம் இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தீராது.

400 ரூபாய் சட்டைக்கு 20 சதவீதம் விலை ஏற்றி, பிறகு 20 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். இப்போது விலை என்ன? ஏழாம் வகுப்புப் பையன், “80 ஏறி 80 இறங்குது, அதே 400 தானுங்க” என்கிறான். டியூசன் அக்கா பென்சிலைப் பிடுங்கி, “480ல தானே 20 சதவீதம் எடுக்கணும்? 96 போச்சுன்னா 384. புரிஞ்சுதா கண்ணு?” என்கிறார். “புரிஞ்சுதுங்கக்கா.” அடுத்த கணக்குக்குப் போயாயிற்று. மறுநாள் 800 ரூபாய்க்கு 25 சதவீதம் ஏற்றி, 25 சதவீதம் இறக்கச் சொன்னால் அதே பையன் 800 என்றே எழுதுவான். விடை 750.

‘எதில் 20 சதவீதம்?’ என்பதுதான் அந்தக் கணக்கின் உயிர். அதை யோசித்தது அக்கா, பையன் தலையாட்டினான். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாக்கிலேயே ‘ங்க’ ஒட்டியிருக்கும். பெரியவர்களிடம் “புரியலைங்க” என்பதையே மரியாதைக் குறைவாக நினைக்கிறவர்கள் நிறைய. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் மரியாதை தெரியும், கணக்கு தெரியாது.

பென்சில் அவன் கையிலேயே இருக்கட்டும். உங்கள் பேனாவுக்கு மூடி போடுங்கள். இரண்டாவது 80ஐக் காட்டி, “இந்த 80 எதுல இருந்து வந்துச்சு?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு பேசாமல் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதினார். திண்ணையில் ஐந்து விநாடி ரொம்ப நீளமாகத் தெரியும். தாங்குங்கள்.

சொன்னதை ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள்; அதில் ‘ஏன்னா’ இருக்க வேண்டும். பெரும்பாலும், “அதுல இருந்து இதைக் கழிக்கணும், ஏன்னா தள்ளுபடி” என்று வரும். பாவம் பிள்ளை என்று நீங்களே அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். அது எது, இது எது? எழுதியபடியே செய்து காட்டுங்கள்: 480ல் 20 ரூபாயைக் கழித்து 460 போடுங்கள். “அய்யோ, அப்படியில்லைங்க!” என்று அவனே பாய்ந்து திருத்துவான். “480ல் 20 சதவீதமான 96ஐக் கழிக்கணும், ஏன்னா தள்ளுபடி ஏறின விலைக்குத்தான்” என்ற வரி வந்த பிறகே எண்ணை மாற்றிக் கொடுங்கள். இப்படி ஒரு கணக்குக்கு இருபது நிமிடம் போகும், ஒரு மணி நேரத்தில் மூன்றுதான் முடியும். நோட்டில் பக்கம் எண்ணும் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சொல்லைப் பார்த்துக் குறி போடச் சொல்வது

“‘அதிகம்’ வந்தா கூட்டு, ‘மீதி’ வந்தா கழி.” ஒரு வாரத்துக்கு மார்க் வரும். அப்புறம் இது வரும்: கவினிடம் 36 தேங்காய். இது முருகனிடம் உள்ளதைவிட 9 அதிகம். முருகனிடம் எத்தனை? 45 என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பான். ஆளுக்கொரு கோடாக, நீளமும் குட்டையுமாய் வரையச் சொன்னால் 27 தானாக விழும். விகிதத்திலும் இதே கதைதான். 3 பனியன் வெயிலில் காய 2 மணி நேரம் என்றால், 6 பனியன் காய? எண்ணை மட்டும் பார்க்கிற பிள்ளை 4 என்று எழுதும். கொடியை நினைத்துப் பார்க்கிற பிள்ளை எழுதாது.

மூணுல ரெண்டு

தமிழில் பின்னத்தைக் கீழிருந்து சொல்கிறோம்: மூன்றில் இரண்டு. பள்ளியில் ‘டூ பை த்ரீ’ மேலிருந்து வருகிறது. இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை 3/2 என்று எழுதினால் அதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைக்காதீர்கள். கூடவே, கீழ் எண்ணுக்குப் பாடநூலில் ‘பகுதி’ என்று பெயர். பேச்சில் பகுதி என்றால் துண்டு. இங்கேயோ முழுசை எத்தனை துண்டாக்கினோம் என்ற எண்ணிக்கை. கடலை மிட்டாயை ஒடித்து வைத்து, எத்தனை துண்டு போட்டோம், எத்தனை எடுத்தோம் என்று அவர்கள் வாயால் சொல்ல வையுங்கள். இங்கிலீஷ் மீடியமானாலும் காரணம் முதலில் தமிழில் வரட்டும். ‘டினாமினேட்டர்’ எங்கும் ஓடிவிடாது.

சமக்குறியை ‘வருது’ என்று வாசிப்பது

12 + 8 = 20 × 3 = 60. விடை சரி, எழுதியது பொய்: 12 + 8ம் 60ம் சமமில்லை. வரிக்கு ஒரு சமக்குறி போதும். இந்தப் பழக்கத்தோடு சமன்பாட்டுக்குள் போகிற பிள்ளைக்கு, இரண்டு பக்கமும் 5ஐ ஏன் கழிக்கிறோம் என்றே விளங்காது.

ரப்பர்

எடுத்து உள்ளே வையுங்கள். தப்பின் மேல் ஒரு கோடு போதும். எங்கே பிசகியது என்று அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.

விரல்விட்டு எண்ணுவதைத் தடுப்பது

எண்ணட்டும்.